ஸ்கார்பியன் பிஸ்டலை எஸ்பிஆர் ஆக்குவது: ஃபார்ம் 1, பெயர் பொறிப்பு, 922(ஆர்) பற்றி விவரம் தேவை

கதிர்_ஆஸ்டின்

வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறேன். போன வருஷம் கிரீன் கார்டு கைக்கு வந்தது. என்னிடம் சிஇசட் ஸ்கார்பியன் ஈவோ 3 பிஸ்டல் இருக்கிறது. 9 எம்எம், 7.7 அங்குல பேரல், பின்னால் பிரேஸ் (முன்கையோடு சேர்த்துப் பிடிக்க உதவும் தாங்கி). கடையில் முறைப்படி வாங்கியது.

பிரேஸ் தோளில் சரியாக உட்காரவில்லை. உண்மையான மடக்கு ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) போட்டு, ஃபார்ம் 1 என்கிற விண்ணப்பம் மூலம் எஸ்பிஆர், அதாவது 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் கொண்ட ரைஃபிள், என்று பதிவு செய்துவிடலாம் என யோசிக்கிறேன். 2026 ஜனவரி 1 முதல் 200 டாலர் வரி பூஜ்யம் ஆகிவிட்டது. டெக்சாஸும் 2025 செப்டம்பரில் குட்டை பேரல் துப்பாக்கிகளைத் தன் தடைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. அப்படியானால் இந்த ஃபார்ம் எல்லாம் இன்னும் எதற்கு? ரேஞ்சில் ஒருவர், "வரியே கிடையாது, ஸ்டாக்கை மாட்டிக்கொள், ஃபார்மை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். சரிதானா?

ரேஞ்ச்_மாமா

தம்பி, அந்த ஆள் பேச்சைக் கேட்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு.

வரி போனது உண்மை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் எஸ்பிஆர், குட்டை பேரல் ஷாட்கன், சைலன்ஸர், "ஏஓடபிள்யூ" என்கிற "இதர ஆயுதங்கள்" வகை, இவற்றுக்கு வரி பூஜ்யம் ஆனது. மெஷின் கன்னுக்கும் வெடிபொருள் வகைக்கும் 200 டாலர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பூஜ்யம் ஆனது வரி மட்டும். பதிவு போகவில்லை. 1934-ல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டம், அதாவது என்எஃப்ஏ, இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்ணப்பம், கைரேகை, போட்டோ, ஒப்புதல், எல்லாமே வேண்டும். ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் ஸ்டாக் மாட்ட வேண்டும். ஒரு நாள் முன்னால் மாட்டினாலும் பதிவு செய்யாத எஸ்பிஆர் வைத்திருந்த கணக்கு. பத்து வருஷம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம். இதில் "அப்புறம்" என்று ஒரு வழியே கிடையாது. கையில் ஏற்கெனவே எஸ்பிஆர் ஆகிவிட்ட துப்பாக்கிக்குப் பிறகு ஃபார்ம் 1 போட முடியாது.

டெக்சாஸ் விஷயம்: மாநிலம் எடுத்தது மாநிலச் சட்டத்தில் இருந்த குற்றத்தை. ஃபெடரல் சட்டத்தை ஆஸ்டினில் உட்கார்ந்து யாரும் எடுக்க முடியாது. செப்டம்பருக்குப் பிறகு இந்தக் குழப்பம் நிறையப் பேரிடம் பார்க்கிறேன்.

டல்லாஸ்_முருகு

மாமா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டாக்கை இப்போது வாங்கி அலமாரியில் வைப்பதையும் தள்ளிப் போடு. பிஸ்டல் கையில், அதற்கு மட்டுமே பொருந்தும் ஸ்டாக் பக்கத்தில், 16 அங்குல பேரல் எதுவும் வீட்டில் இல்லை என்றால், மாட்டாமலேயே "சேர்த்து வைத்திருந்தாய்" என்று வழக்கு வரலாம்.

இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு கதை உண்டு. தாம்சன் சென்டர் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி ஒரு பிஸ்டல் விற்றது. கூடவே 21 அங்குல பேரலும் ஒரு ஸ்டாக்கும் கொண்ட கிட். ஸ்டாக்கை 21 அங்குல பேரலோடு போட்டால் சாதாரண ரைஃபிள். 10 அங்குல பேரலோடு போட்டால் எஸ்பிஆர். அரசு வரி கட்டு என்றது. கம்பெனி 200 டாலரைக் கட்டிவிட்டு, திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டது. 1992-ல் கம்பெனி ஜெயித்தது. உதிரிகளை வைத்து முறையான ஒரு துப்பாக்கி செய்ய வழி இருக்கும்போது, அவை ஒரே பெட்டியில் இருப்பதாலேயே எஸ்பிஆர் ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த "முறையான வழி" கதிரிடம் இல்லை. ஸ்கார்பியனுக்கு 16 அங்குல பேரல் இல்லாமல் ஸ்டாக் மட்டும் இருந்தால், அந்த ஸ்டாக்குக்கு வேறு என்ன வேலை?

ஏஆர்-15 வகை ரைஃபிளும் அதே வகை பிஸ்டலும் இரண்டும் வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. அவருடைய ஸ்டாக்குக்கு ரைஃபிளில் வேலை இருக்கிறது.

நியூஜெர்சி_நாகு

டெக்சாஸில் இருந்துகொண்டு கவலைப்படுகிறீர்கள். இங்கே எங்களுக்கு எஸ்பிஆர் என்ற பேச்சே கிடையாது. கலிஃபோர்னியா, நியூயார்க் எல்லாம் இதே கதி. வேலை மாறி இந்தப் பக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்?

கதிர்_ஆஸ்டின்

நாகு அண்ணா, நல்ல கேள்வி. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்கள் ஆஃபீஸில் பாதிப் பேர் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்கு மாற்றலாகிப் போகிறார்கள்.

இன்னொன்று. ஃபார்மைத் தனி நபராகப் போடுவதா, டிரஸ்ட் மூலம் போடுவதா? மனைவி இன்னும் எச்-1பியில்தான் இருக்கிறாள்.

ரேஞ்ச்_மாமா

மனைவி விஷயத்தில் கவனம் வேண்டும். எஸ்பிஆருக்கு மட்டும் இல்லை, உன் எல்லாத் துப்பாக்கிக்கும்.

நான்-இமிக்ரன்ட், அதாவது தற்காலிக, விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் அதில் அடக்கம். விதிவிலக்குகளில் முக்கியமானது, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை விலகுகிறது. நம் ஆட்களில் பலர் முயலைக்கூட நேரில் பார்க்காமல் வருஷா வருஷம் டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் புதுப்பிப்பது இதனால்தான். கிரீன் கார்டு வந்தவுடன் அந்தச் சிக்கல் இல்லை. உனக்கு இல்லை, அவளுக்கு இருக்கிறது.

இப்போது ஃபார்ம் 1. உன் பெயரில் தனியாகப் பதிவு செய்தால், நீ பக்கத்தில் இல்லாதபோது அந்தத் துப்பாக்கி வேறு யார் வசத்திலும் இருக்கக் கூடாது. மனைவிக்கு சேஃப் நம்பர் தெரியும், நீ இந்தியாவுக்கு மூன்று வாரம் போகிறாய் என்றால், அவள் கையில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அமெரிக்கக் குடியுரிமையே இருந்தாலும் இது பொருந்தும். என்எஃப்ஏ பொருள் பதிவு செய்தவரோடு ஒட்டியது.

டிரஸ்ட் என்றால் அதில் இருக்கிற ஒவ்வொரு பொறுப்பாளரும் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக 5320.23 ஃபார்ம், கைரேகை, போட்டோ கொடுக்க வேண்டும். 2016 ஜூலைக்கு முன் டிரஸ்ட்டில் இது எதுவும் தேவைப்படவில்லை. அப்போது டிரஸ்ட் அவ்வளவு பிரபலமானதற்கு அதுதான் காரணம். உன் மனைவியை இப்போது டிரஸ்ட்டில் போடாதே. நீ மட்டும் ஒரே பொறுப்பாளராக டிரஸ்ட் எழுதிவிட்டு, அவளுக்குக் கிரீன் கார்டு வந்ததும் சேர்க்கலாம். வேண்டாம் என்றால் தனி நபராகப் போடு, சேஃப் நம்பரை உன்னோடு வைத்துக்கொள்.

சுபா_எச்

நான் துப்பாக்கி வைத்திருப்பவள் இல்லை, கணவர் வைத்திருக்கிறார். ஒரு விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே சுடுகிற ஒரு துப்பாக்கியில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கட்டை மாட்டுவதற்கு இவ்வளவு சட்டமா? அல்லது அந்தக் கட்டை மாட்டினால் நிஜமாகவே ஆபத்து கூடுகிறதா?

இளங்கோ77

சுபா மேடம், கோபிக்க ஒன்றும் இல்லை. துப்பாக்கிக்காரர்களே கேட்கும் கேள்வி இது.

1934-ல் காங்கிரஸ் முதலில் கைத்துப்பாக்கிகளையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரத்தான் நினைத்தது. பிஸ்டலுக்கு வரியும் பதிவும் போட்டால், ஆட்கள் ரைஃபிளை வாங்கி அறுத்துக் கோட்டுக்குள் மறைத்து வைப்பார்களே என்று, குட்டை பேரல் ரைஃபிளையும் ஷாட்கன்னையும் கூடவே சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்து பிஸ்டலை மசோதாவில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிஸ்டலுக்குக் காவலாக வைத்த விதி மட்டும் தங்கிவிட்டது. கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

அதனால்தான் இன்று 7.7 அங்குல பிஸ்டலைக் கடையில் அன்றைக்கே வாங்கி வரலாம். அதே துப்பாக்கியில் தோளில் வைக்க ஸ்டாக் மாட்டினால் ஃபெடரல் பதிவு வேண்டும். ஸ்டாக் போட்டால் ஒளிப்பது கஷ்டமாகிறது, குறி நேராகிறது. ஆபத்து கூடுகிறதா என்றால், என் கருத்தில் இல்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அந்த 16 அங்குலமும் வானத்திலிருந்து வந்தது இல்லை. முதலில் ரைஃபிளுக்கு 18 அங்குலம். 1960-ல்தான் எல்லா ரைஃபிளுக்கும் 16 ஆனது. ஷாட்கன்னுக்கு இன்னும் 18. மொத்த நீளம் இரண்டுக்கும் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

சுபா_எச்

நன்றி. புரிந்தது, ஆனாலும் வினோதமாகத்தான் இருக்கிறது. கதிர், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை வைப்பதே குற்றம். எஸ்பிஆரோ வேறு எதுவோ, சேஃபை முதலில் வாங்குங்கள்.

பிரேஸ்_பாண்டி

எதற்கு இந்தத் தலைவலி? பிரேஸையே வைத்துக்கொள்ளுங்கள் ப்ரோ. 2023 பிரேஸ் விதியைக் கோர்ட் அடித்துத் தள்ளிவிட்டது. பிரேஸ் போட்ட பிஸ்டல் பிஸ்டல்தான். எந்த ஃபார்மும் வேண்டாம், மாநிலம் தாண்டிப் போனாலும் ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) அனுமதி வேண்டாம்.

டல்லாஸ்_முருகு

பாண்டி சொல்வதில் பாதிக்கு மேல் சரி. 2023 ஜனவரியில் வந்த விதி, பிரேஸ் போட்ட பெரும்பாலான பிஸ்டல்களை எஸ்பிஆர் என்றது. மே 31 வரை வரி இல்லாமல் பதிவு செய்துகொள்ள அவகாசம் கொடுத்தார்கள். சுமார் இரண்டரை லட்சம் விண்ணப்பங்கள் போயின. நாட்டில் இருந்த பிரேஸ் எண்ணிக்கையோடு பார்த்தால் அது சொற்பம். 2024 ஜூனில் டெக்சாஸில் ஃபெடரல் நீதிபதி ரீட் ஓ'கானர் அந்த விதியையே ரத்து செய்தார். அந்த அவகாசத்தில் பதிவு செய்தவர்களுக்குப் பதிவு இன்னும் செல்லும். பெயர் பொறிக்காமலேயே எஸ்பிஆர் கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அவர்கள்.

ஆனால் விதி போனதால் எந்த பிரேஸும் எந்தத் துப்பாக்கியிலும் பிரச்சினையே இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்டாக்காகவே செய்யப்பட்ட ஒன்றை பிரேஸ் என்று பெயர் வைத்து விற்றாலும் சட்டத்தின் அசல் வாசகம் அப்படியே நிற்கிறது. கதிருக்குத் தோளில் உட்காரும் ஸ்டாக்தான் வேண்டும் என்றால் ஃபார்ம் 1 தான் வழி. இப்போது செலவு பொறிப்புக் கூலியும் ஸ்டாக் விலையும் மட்டும்.

கதிர்_ஆஸ்டின்

சரி, ஃபார்ம் 1 போடுகிறேன். அதில் என்னென்ன எழுத வேண்டும்? பெயர் பொறிப்பது எங்கே? யூடியூபில் ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

ரேஞ்ச்_மாமா

ஏடிஎஃப்பின் இ-ஃபார்ம்ஸ் தளத்தில் கணக்கு தொடங்கு. ஃபார்ம் 1 என்பது செய்பவருக்கானது. ஃபார்ம் 4 என்பது ஏற்கெனவே பதிவான பொருளை வாங்குபவருக்கானது. அதோடு குழப்பிக்கொள்ளாதே.

துப்பாக்கியில் ஏற்கெனவே இருக்கும் சீரியல் நம்பர், தயாரிப்பாளர், மாடல், காலிபர் எல்லாவற்றையும் உடம்பில் இருப்பது போல அப்படியே எழுது. நம்பரில் ஒரு எழுத்து தப்பினால் திருப்பி அனுப்புவார்கள், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வகை: குட்டை பேரல் ரைஃபிள். பேரல் நீளம் உன் 7.7. மொத்த நீளம், மடக்கு ஸ்டாக்கை முழுதாக விரித்து, பேரலுக்கு இணையாக அளந்தது. ஸ்டாக் இன்னும் கையில் இல்லாததால் தயாரிப்பாளர் தரும் அளவை வைத்துக் கணக்கிடு. முனையில் திருகும் ஃபிளாஷ் ஹைடர் நிரந்தரமாகப் பற்றவைக்கப்படாதது என்றால் அதை நீளத்தில் சேர்க்காதே. எதற்காகச் செய்கிறாய் என்ற கேள்விக்கு "சட்டப்படியான எல்லாப் பயன்பாட்டுக்கும்" என்ற பொருளில் எல்லோரும் எழுதுவதையே எழுது, கதை எழுதாதே.

குடியுரிமை: இந்தியா. ஏலியன் நம்பர் கேட்கும், கிரீன் கார்டில் இருக்கிறது. கிரீன் கார்டு இருக்கிறவர் ஃபார்ம் 1 போடுவதில் தடை இல்லை.

இரண்டு கைரேகை அட்டை, இரண்டு அங்குலப் போட்டோ. உள்ளூர் போலீஸ் தலைவருக்கோ ஷெரீஃபுக்கோ ஒரு பிரதி அனுப்ப வேண்டும். முன்பு அவர் கையெழுத்து வேண்டும், இப்போது தகவல் மட்டும். அவர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

எழுத்துத்தச்சர்

பொறிப்பு பற்றி நான் சொல்கிறேன், அதுதான் என் தொழில்.

ஃபார்ம் 1 போடும்போது சட்டப்படி "செய்பவர்" நீங்கள்தான். ஆகவே உங்கள் பெயர், ஊர், மாநிலம் துப்பாக்கியில் இருக்க வேண்டும். டிரஸ்ட் என்றால் டிரஸ்ட்டின் பெயர், உங்கள் பெயர் அல்ல. ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் லேசரில் மேலோட்டமாகச் சுரண்டினால் அந்த ஆழம் வராது. அலுமினிய ரிசீவரில் (துப்பாக்கியின் உடல் பகுதி) மேல்பூச்சுக்குக் கீழே போக வேண்டும். பூச்சின் மேல் இருக்கிற அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

உங்கள் ஸ்கார்பியனில் ஒரு சிக்கல். ரிசீவர் பாலிமர். பிளாஸ்டிக்கில் ஆழமாகப் பொறித்தால் விளிம்பு உருகிக் கொழகொழவென்று ஆகிவிடும். அவசரத்தில் செய்கிற கடையில் கொடுத்துக் கெடுத்துக்கொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பாலிமரில் செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள், முதலில் வேறு துண்டில் செய்து காட்டச் சொல்லுங்கள். ரிசீவரிலேயே பொறிப்பதுதான் பாதுகாப்பு. ஸ்டாக்கில் பொறிக்காதீர்கள், அது நாளைக்குக் கழன்று வேறு ஸ்டாக் வரும். டிரஸ்ட் பெயரைச் சின்னதாக வையுங்கள். "குடும்பப் பாரம்பரியச் சொத்துக்கான மீளக்கூடிய டிரஸ்ட்" என்று நீட்டி எழுதிவிட்டு, இந்தச் சின்ன ரிசீவரில் எங்கே பொறிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இளங்கோ77

ஃபெடரல் சட்டத்தின் 922(ஆர்) பிரிவை யாரும் சொல்லவில்லையே? தலைப்பிலேயே இருக்கிறதே.

கதிர், உங்கள் ஸ்கார்பியன் செக் குடியரசில் செய்து பிஸ்டலாக இறக்குமதியானது என்றால் இதைக் கவனியுங்கள். விளையாட்டுக்குப் பொருந்தாது என்று இறக்குமதியில் தடுக்கப்பட்ட வகை செமி ஆட்டோ ரைஃபிளை, இறக்குமதி உதிரிகளை வைத்து இங்கே சேர்த்துக் கட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவு. ஏடிஎஃப் இருபது உதிரிகளின் பட்டியல் வைத்திருக்கிறது. அவற்றில் இறக்குமதியானவை பத்துக்கு மேல் போகக் கூடாது. பிஸ்டலாக இருக்கும் வரை இது பொருந்தாது. ஸ்டாக் மாட்டி ரைஃபிள் ஆனதும் பொருந்தும்.

அமெரிக்காவில் செய்த ஸ்டாக், கைப்பிடி, டிரிகர், ஹேமர் என்று மாற்றிக் கணக்கைக் கீழே கொண்டுவருவார்கள். மேகசீன் கவனம்: உறை, உள்ளே தோட்டாவைத் தூக்கும் தட்டு, அடிமூடி என்று மூன்று உதிரிகளாகக் கணக்கு. அமெரிக்க மேகசீனை நம்பிக் கணக்கு சரி செய்தவர் செக் மேகசீனைப் போட்டால் கணக்கு அந்த நிமிஷமே தப்பும். இதனாலேயே நான் மேகசீனைக் கணக்கில் எடுக்காமல் மற்ற உதிரிகளிலேயே சரி செய்யச் சொல்வேன். அமெரிக்காவிலேயே செய்த ஏஆர் பிஸ்டல் என்றால் இந்த முழுத் தலைவலியும் இல்லை.

மதுரை_ஜான்

பக்கத்துப் பாதையில் ஒரு கேள்வி. ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? தாத்தாவிடம் இரட்டைக்குழல் லைசென்ஸ் இருந்தது.

நியூஜெர்சி_நாகு

ஜான், கனவிலும் வேண்டாம். நம் ஊர் 1959 ஆயுதச் சட்டத்தில் பிரிவு 6 என்றே ஒன்று இருக்கிறது. துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கக்கூட தனி லைசென்ஸ். 2019 திருத்தத்தில் ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதே பிரிவில் சேர்த்தார்கள். ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாக்கினார்கள். ஸ்கார்பியனை ஏர்போர்ட்டில் காட்டினால் தாத்தா கதை சொல்ல வாய்ப்பே கிடைக்காது.

பிரேஸ்_பாண்டி

சரி, எஸ்பிஆர் ஆக்கிவிட்டார் என்று வையுங்கள். பிறகு கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தால்? ஒரு தடவை எஸ்பிஆர் என்றால் காலத்துக்கும் எஸ்பிஆர்தானே?

டல்லாஸ்_முருகு

இல்லை. இங்கேதான் பிஸ்டலாக ஆரம்பித்ததன் லாபம் இருக்கிறது. 2011-ல் ஏடிஎஃப் ஒரு விளக்கம் கொடுத்தது, எண் 2011-4. பிஸ்டலாகப் பிறந்த துப்பாக்கியை ரைஃபிளாக்கித் திரும்பப் பிஸ்டலாக்கலாம். ரைஃபிளாகப் பிறந்ததை அறுத்துப் பிஸ்டல் என்று சொல்ல முடியாது. ஆகவே கதிர் ஸ்டாக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பிரேஸையோ வெறும் பின்மூடியையோ போட்டால் அது என்எஃப்ஏ பொருளாக இருக்காது. அதற்குப் பிறகு சாதாரணப் பிஸ்டலாக விற்கலாம். விற்கும் முன் ஏடிஎஃப்புக்கு எழுதிப் பதிவிலிருந்து எடுக்கச் சொல்வது நல்லது. கட்டாயம் என்று சொல்லமாட்டேன், பின்னால் வரும் கேள்விகளைத் தவிர்க்கும்.

ஆனால் பிஸ்டலாக ஆக்கினாலும் ஸ்கார்பியன் கலிஃபோர்னியாவுக்குள் போகாது. அந்த மாநிலத்தின் அசால்ட் வெப்பன் விதிகள் வேறு. வேலை அங்கே என்றால் கிளம்பும் முன் டெக்சாஸிலேயே விற்றுவிடு.

இளங்கோ77

வரி பூஜ்யம் ஆனதும் ஒரு பெரிய சட்டக் கேள்வி எழுந்திருக்கிறது. 1937-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தாங்கிப் பிடித்ததே வரி விதிக்கும் அதிகாரத்தை வைத்துத்தான், சோன்சின்ஸ்கி வழக்கு. வரியே இல்லையென்றால் பதிவேடு எதன் மேல் நிற்கிறது? இந்த வாதத்தோடு 2025-லேயே டெக்சாஸிலும் மிசோரியிலும் வழக்குகள் போட்டிருக்கிறார்கள். எனக்கு வாதம் பலமாகத்தான் தெரிகிறது.

ரேஞ்ச்_மாமா

பலமாக இருக்கட்டும், இளங்கோ. தீர்ப்பு வரும் வரை யாரும் அதை நம்பி ஸ்டாக் மாட்ட வேண்டாம். வழக்கு நடத்துவது அமைப்புகளின் வேலை. நம் ஆட்கள் வழக்கில் பெயராகப் போகக் கூடாது, அதிலும் கிரீன் கார்டில் இருக்கிறவர். குற்றத் தீர்ப்பு வந்தால் போவது துப்பாக்கி மட்டும் இல்லை.

கதிர்_ஆஸ்டின்

தெளிவாகிவிட்டது. தனி நபராகவே போடுகிறேன், சேஃப் நம்பரை மாற்றிவிட்டேன். கடைசிக் கேள்வி: ஒப்புதல் வந்து ஸ்டாக் மாட்டிய பிறகு ஒக்லஹோமாவில் நண்பர் நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் ஃபார்மா?

டல்லாஸ்_முருகு

ஆமாம். எஸ்பிஆரை மாநிலம் தாண்டிக் கொண்டுபோக 5320.20 ஃபார்ம், புறப்படும் முன் ஒப்புதலோடு. கட்டணம் இல்லை. சைலன்ஸருக்கு இது தேவையில்லை, எஸ்பிஆருக்குத் தேவை. அடிக்கடி போகும் ஒரே இடம் என்றால் ஒரு வருஷத்துக்குச் சேர்த்தே கேட்கலாம். அவசரமாகப் போக வேண்டும் என்றால் ஸ்டாக்கை வீட்டில் விட்டு, பிரேஸ் போட்டுப் பிஸ்டலாகக் கொண்டுபோ. ஒப்புதல் பிரதியை எப்போதும் பையில் வைத்திரு, போனிலும் ஒன்று.